உப்புக் கதவின் திராங்கு

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: கிளறன்ஸ் ஆகிய நான், என் அக்கா கொன்ஸ்ரன்ஸ், என் மகள் சாமினி, கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் ஹெக்டர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இஸ்ஸதீன், பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்கும் நஸ்லா, மேல்மாடியில் குடியிருக்கும் இராமலெட்சுமி. வேறு எவரும் இல்லை. பத்திரிகைக்காரர் வந்திருந்தார், யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்தார் என்றெல்லாம் இப்போது சொல்கிறார்கள். எங்கள் முன்னறையில் அதற்கு மேல் ஒரு கதிரை போட இடமில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடிகள் நடுங்கும். மனைவி காலமான பின் நானும் அக்காவும்தான். சாமினி தெஹிவளையிலிருந்து கிழமைக்கு ஒருமுறை வந்து போவாள். அக்காவின் அறைக்குக் கதவு இல்லை. திரைச்சீலை மட்டும் தொங்குகிறது. குடிவந்த அன்றே தச்சனைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றச் சொன்னவர் அக்கா. வருகிறவர்கள் கடற்காற்றுக்காக என்று நினைப்பார்கள். நாங்களும் அப்படியே நினைக்க விட்டுவிடுவோம்.

எங்கள் அப்பா மரியநாயகம் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் எழுதியது ஒரே ஒரு நாவல், ‘உப்புக் கதவு’. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டு இனக்கலவர காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்க் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு பயந்திருந்த கதை. அந்த வீட்டுப் பெண்பிள்ளை தன் வாயால் சொல்வதாக எழுதியிருப்பார். அப்பா மறைந்து பல காலம் ஆகியும் அந்தப் புத்தகம் மறையவில்லை. கொட்டாஞ்சேனையில் இன்றைக்கும் எங்களை ‘உப்புக் கதவு வீட்டார்’ என்பார்கள். அந்தப் பெயரோடு நான் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். என் பிள்ளையையும் அந்தப் பெயரோடுதான் கட்டிக் கொடுத்தேன்.

ஹெக்டர் நாவலை மறுபடி பதிப்பிக்க விரும்பினார். அதை முன்னிட்டுச் சின்னதாக ஒரு கூட்டம் வைக்கலாம் என்று சாமினி சொன்னாள். பேசுவதற்கு நஸ்லாவை ஒழுங்கு செய்ததும் அவள்தான்.

நஸ்லா முன்பே இரண்டொரு தடவை தொலைபேசியில் கதைத்திருந்தார். நல்ல பணிவான பிள்ளை. “திருந்தாதி மணியென்டா என்ன அங்கிள்? எந்த நேரத்தில அடிப்பாங்க?” என்று கேட்டார். காலை, நண்பகல், அந்தி என்று கோயிலில் அடிக்கும் செப மணி அது, அந்தி மணி ஓய்ந்ததும் எங்கள் வீட்டில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வோம், அப்பா ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று நான் நீட்டி முழக்கிச் சொன்னேன். குடும்பத்தின் பக்தியைச் சொல்வதில் எனக்கென்ன தயக்கம்? அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே எழுதுவது தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். கொட்டாஞ்சேனை வீட்டை அடுக்குமாடி கட்டுவதற்காக இடித்தபோது அங்கிருந்து ஒரு திராங்கை எடுத்து வந்து என் கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். திராங்கு என்பது கதவுக்குக் குறுக்கே இரண்டு இரும்புப் பிடிகளில் இறக்கும் கட்டை. அப்பாவின் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வரும் சாமான் அதுதான். கூட்டத்தன்று அதை எடுத்துத் துடைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. அவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து, அதைப் பார்த்து, ஒரு கணம் நின்று, பிறகு போய் மூலைக் கதிரையில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவின் முகத்தில் ஒருநாளும் ஒன்றும் தெரிவதில்லை.

தொடக்கம் கலகலப்பாகத்தான் இருந்தது.

“ஹெக்டர், உங்கட மெஷின் இன்னும் ஓடுதா, இல்லாட்டி அதுவும் என்னப் போல பென்ஷன் எடுத்திட்டா?” என்று கேட்டார் இஸ்ஸதீன் மாஸ்டர்.

“மாஸ்டரிட்டப் படிச்ச ஆக்கள் எழுதினதுகளை அடிச்சு அடிச்சு அதுக்கு வாதம் பிடிச்சிட்டுது,” என்றார் ஹெக்டர்.

“எழுத்துப் பிழையெல்லாம் நீங்க போட்டது. பேரு மட்டும் எனக்கு.”

இராமலெட்சுமி பொரித்த பற்றிஸ் அடுக்கிய தட்டை நீட்டினார். நான் நஸ்லாவிடம் பேச்சுவாக்கில் அவருடைய ஊரைக் கேட்டேன். பேச்சுவாக்கு என்று எழுதுகிறேன். உண்மையில் எனக்கு அதை அறிய வேண்டியிருந்தது. “அக்குறணை, அங்கிள். எங்கட மூத்தாப்பா சாகும் வரைக்கும் கொழும்புப் பக்கம் தலை வச்சும் படுக்கல்ல. காத்து சரியில்லயாம்,” என்று சிரித்தார். என் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. கொழும்பிலிருந்த எந்த முஸ்லிம் குடும்பத்தையும் சேர்ந்தவரல்லர், போதும்.

பிறகு நஸ்லா எழுந்து நின்றார்.

“நான் கதையப் பத்திப் பேச வரல்ல. ஒரே ஒரு சொல்லப் பத்தித்தான். அந்தச் சொல் நாவல்ல எங்கெங்க வருது, எப்படி வருது என்டு மட்டும் பார்த்தேன். அது இந்த மேசையிலயே இருக்கு. திராங்கு.”

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் தலையை அசைத்தேன். பெருமையோடுதான் அசைத்தேன்.

“முதல் பக்கத்தில: ‘திராங்கு விழுந்தது. வீடு மூச்சை அடக்கிக்கொண்டது.’ எல்லாருக்கும் பாடமான வரி. நாங்க என்ன நினைக்கிறோம்? வெளியில சண்டை, தெருக்கதவைப் பூட்டுறாங்க. பிறகு: ‘தெருவில் ஓடிய கால்கள் எங்கள் வாசலில் நின்றன. திராங்கு அசையவில்லை.’ அதுவும் சரி. பயம் வெளியில இருக்கு, திராங்கு காப்பாத்துது.”

“அருமையான இடம் அது,” என்றார் இஸ்ஸதீன் மாஸ்டர்.

“ஓம் சேர். ஆனா நாவல்ல கலவரம் பாதியிலயே முடிஞ்சிருது. ஊரடங்கு எடுத்தாச்சு. அப்பக்காரி வாறா. மீன்காரன் கூவுறான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுது. அதுக்குப் பிறகும் திராங்கு விழுந்துக்கொண்டேதான் இருக்கு. கடைசிப் பக்கம் வரைக்கும். சண்டை நடந்த காலத்த விட, அது ஓய்ஞ்ச பிறகுதான் அந்தச் சொல் கூட வருது. ஏன்?”

என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. நான் மெல்ல அதை நிலத்தில் வைத்தேன்.

இத்தனை வருடங்களாக எத்தனை பேர் அந்த நாவலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மேடை மேடையாகப் பேசியிருக்கிறார்கள். இனத்தின் பயம் என்றார்கள், நகரத்தின் பயம் என்றார்கள். ஒருவரும் அந்தக் கட்டையின் பின்னால் நடந்து போய் அது எந்தக் கதவில் விழுகிறது என்று பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை நடந்து வருகிறார் என்று அந்த நிமிடம் எனக்கு விளங்கியது.

நாங்கள் வெளியாருக்கு ஒருநாளும் சொல்லாததை இந்த இடத்தில் எழுதியாக வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரண்டு திராங்குகள் இருந்தன. ஒன்று தெருக்கதவில், உட்புறமாக. மற்றது பின்னறைக் கதவில், வெளிப்புறமாக. பின்னறைக்குள் இருந்தவர் அக்கா.

காரணம் ஓர் இளைஞர். பெயர் ஸாலிஹ். புத்தகக் கடையொன்றில் வேலை செய்தவர். அக்காவுக்குப் புத்தகம் கொடுக்கப் போய்ப் பழகியவர். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுதமாட்டேன். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அப்பா அந்தத் திராங்கைப் போடுவித்த கிழமையிலேயே கலவரம் வந்தது. அது எங்களுக்கு ஒரு மறைப்பாயிற்று. குமர்ப்பிள்ளையை மரியநாயகம் கவனமாக வைத்திருக்கிறார் என்று அயலவர்கள் மெச்சினார்கள். எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம் பாணும் பருப்பும் கொண்டுவந்து, அக்காவுக்கென்று வேறாக ஒரு கிண்ணத்தில் கொடுத்தது. கலவரம் ஓய்ந்தது. பின்னறைத் திராங்கு ஓயவில்லை. அந்தி மணி ஓய்ந்ததும் அம்மா அதை எடுப்பார். அக்கா வந்து எங்களோடு முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வார். முடிந்ததும் எழுந்து, ஒருவரும் சொல்லாமலே, உள்ளே போவார். திராங்கு விழும். பதுளைப் பக்கம் ஒரு கன்னியர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போக அவர் சம்மதிக்கும் வரை இப்படித்தான் நடந்தது.

அன்று முன்னறையில் இதை அறிந்தவர்கள் நானும் அக்காவும் மட்டுமே. சாமினிக்குக்கூடத் தெரியாது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எங்கள் பின்னறைக்கு வந்துகொண்டிருந்தார்.

“தேத்தண்ணி ஆறுது,” என்றேன். “கொஞ்சம் குடிச்சிட்டுக் கதைப்பம்.”

“குடிச்சாச்சு அப்பா,” என்றாள் சாமினி. “அவ கதைக்கட்டும்.”

“அடுத்தது நேரம்,” என்றார் நஸ்லா. “திராங்கு எப்ப எழும்புது என்டு பார்த்தேன். ‘திருந்தாதி மணி ஓய்ந்தது. திராங்கு எழும்பியது.’ ஒவ்வொரு முறையும் அந்தி மணிக்குப் பிறகுதான். எனக்கு விளங்காம அங்கிளிட்டக் கேட்டேன். அவர்தான் சொன்னார், மணி ஓய்ஞ்சதும் வீட்டில எல்லாரும் ஒண்டா இருந்து செபமாலை சொல்லுவோம் என்டு. அப்ப, செபத்துக்குப் போறதுக்குத் திராங்க எடுக்கணும் என்டா, அந்தப் பிள்ளை இருக்கிறது திராங்குக்கு மற்றப் பக்கம்.”

ரயில் ஒன்று போனது. கண்ணாடிகள் நடுங்கின. அது போய் முடியும் வரை நஸ்லா பேசாமல் நின்றார். அந்த ரயில் முடியவே கூடாதென்று நான் வேண்டிக்கொண்டேன். திரும்பி அக்காவைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய செபமாலை மணிகள் விரலில் உருள்வது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“அப்ப அது தெருக்கதவு இல்லையா?” என்று கேட்டார் இஸ்ஸதீன் மாஸ்டர். அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. “நான் முப்பது வருஷமாப் படிப்பிச்சேனே பிள்ள.”

“அது நாவல்,” என்றேன் நான். “கற்பனை. அப்பா எழுத்தாளர். எங்கட வீட்டில இருந்தது தெருக்கதவுத் திராங்குதான். அதுதான் இது. கண்ணால பாருங்கோ.”

இதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஹெக்டர் எழுந்து மேசையருகே போனார். அவரும் கொட்டாஞ்சேனைக்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் கட்டையின் இரு முனைகளிலும் கை வைத்துப் பார்த்தார்.

“கிளறன்ஸ் அண்ணே, உங்கட வீட்டுத் தெருக்கதவு இரட்டைக் கதவெல்லோ? நாங்கள் பெருநாளுக்கு வரேக்க ரெண்டையும் விரியத் திறந்து வைப்பீங்கள். இந்தத் தடி அதுக்கு நீளம் காணாதே.”

தெருக்கதவின் திராங்கு எப்போதோ உக்கிப்போயிற்று. மிஞ்சியிருந்தது மற்றதுதான். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று எண்ணி எடுத்து வந்தேன். எடுத்து வந்து, துடைத்து, வெள்ளைத் துணியில் படுக்க வைத்து, அதற்குப் பின்னால் அப்பாவின் படத்தையும் நிறுத்தியிருந்தேன்.

“இது அறைக்கதவுத் தடி,” என்றார் ஹெக்டர், தனக்குத்தானே சொல்வது போல. சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உடனே போய் உட்கார்ந்துகொண்டார்.

நஸ்லாவின் முகம் வெளிறியிருந்தது. நாவலில் ஒரு கதவைத் தேடி வந்தவர். உண்மையான கதவொன்று இருந்ததென்று அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. இருந்தும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் அவரை ஆயுசுக்கும் வாழ்த்தியிருப்பேன்.

“ஒண்டு மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தச் சொல் வாற ஒரு இடத்திலயும் திராங்க ஒருத்தர் பிடிக்கிறதக் காணல்ல. நிறம் இல்ல. மரமா இரும்பா என்டும் இல்ல. விழுது, எழும்புது, உரசுது, ஒருக்கா வழுக்குது. முழுக்க முழுக்கச் சத்தம் மட்டும்தான். கதவுக்கு உள்பக்கம் இருந்து கேட்ட ஒரு ஆள்தான் இப்படி எழுத ஏலும். கதவுக்கு வெளிய நின்டவங்களால ஏலாது. அதனால...”

அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. எல்லோருடைய கண்களும் மூலைக் கதிரைக்குப் போயின. நாவலில் வரும் பெண்பிள்ளையின் வயதில் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர் ஒருவர்தான்.

“மாமி,” என்றாள் சாமினி. “மாமி, நீங்களா எழுதினீங்கள்?”

ஒரு குடும்பத்துக்கு இரண்டு இடி ஒரே நேரத்தில் விழக்கூடாது. மகளை அடைத்து வைத்தவர் என்பது ஒன்று. அவளுடைய எழுத்தையும் திருடியவர் என்பது மற்றது. ஒன்றை மறுக்கப் போனால் மற்றதன் மேல் விழ வேண்டும்.

அக்கா எழுந்தார். கைத்தடியை எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார். இராமலெட்சுமி பிடிக்கப் போனபோது கையால் விலக்கினார். திராங்கின் மேல் விரல்களை வைத்தார்; மெல்ல ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடவினார். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கினார்.

“இதை ஒருநாளும் தொட்டதில்லை நான்,” என்றார். “செபத்துக்கு வரேக்க சுவரில சாத்தி இருக்கும். பாக்கிறனான். தொட்டதில்லை.” சற்று நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இவ்வளவுதானா பாரம்? நான் நினைச்சன் தூக்கவே ஏலாது எண்டு.”

சாமினி அழத் தொடங்கினாள். நஸ்லா வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஆன்ரி, மன்னிச்சிருங்க. நான் அறியாம...”

“நீங்கள் பிழையொண்டும் செய்யேல்லை மகள். ஒருத்தராவது ஒழுங்கா வாசிச்சீங்கள்.”

“அப்ப நாவல் உங்கட தானா?” என்று இஸ்ஸதீன் மாஸ்டர் கேட்டார்.

அக்கா கட்டையைத் துணியின் மேல் திரும்ப வைத்தார். சத்தமே கேட்காமல் வைத்தார்.

“தம்பியிட்டக் கேளுங்கோ,” என்றார். “அவன் அப்ப வீட்டில இருந்தவன். நான் பதுளையில.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். நேரம் போய்விட்டது, காலி வீதியில் பஸ் நெருக்கடி வந்துவிடும் என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மாஸ்டர் மட்டும் வாசலில் என் தோளைத் தொட்டார். நான் அசையவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் பயந்த நாட்கள் எனக்கு ஐம்பத்தெட்டிலும் இல்லை. சந்தைக்குப் போனால் மீன்கடையில் நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவது போல் இருந்தது. பம்பலப்பிட்டியில் மருந்துக்கடைக்காரர், “அங்கிள், உங்கட சிஸ்டர்தானாமே அந்தப் புத்தகம் எழுதினது?” என்று சில்லறையை நீட்டிக்கொண்டே கேட்டார். ஹெந்தளையிலிருந்து மச்சான் ஒருவர் தொலைபேசி எடுத்து, “கள்ள எழுத்துக்குத்தானா இவ்வளவு காலம் மாலை போட்டனாங்கள்?” என்று சிரித்தார். நான் தொலைபேசியை வைத்தேன். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. வீட்டு மணி அடித்தாலும் அசையாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு காலையில் ஹெக்டர் வந்தார். உட்காரவில்லை.

“அண்ணே, அட்டை அடிக்க வேணும். ஆற்ற பேரைப் போட? ஆக்கள் கேக்கினம். கொன்ஸ்ரன்ஸ் அக்கான்ர பேரைப் போடாட்டி நாங்களும் களவுக்கு உடந்தை எண்டு கதை வரும்.”

“அப்பான்ர பேர்தான்.”

“அப்ப அவர் எப்பிடி உள்ளுக்கு இருந்து கேட்டவர் எண்டு நீங்கள் சொல்லவேணும். சும்மா ‘இல்லை’ எண்டா ஒருத்தரும் நம்பாது.”

அவர் போன பிறகு நான் அக்காவின் திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே நுழைய முன் கேட்டு நுழைவது எங்கள் வழக்கம். அக்கா யன்னலோரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“அக்கா, நீங்கள் எழுதேல்லை எண்டு ஒரு சொல் சொல்லுங்கோவன்.”

“நான் சொன்னா, அவர் எப்பிடி எழுதினார் எண்டு கேப்பினம். எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும்.” அவர் திரும்பவில்லை. “பதுளைக்கு அந்தப் புத்தகம் தபாலில வந்தது. ஒரு எழுத்தும் எழுதாமல், புத்தகம் மட்டும். வாசிச்சன் கிளறி. ஒரு இடமும் பிழையில்லை. விழுற சத்தம், விழ முந்தி உரசுற சத்தம், மழைக்கு மரம் ஊதினா வழுக்குற சத்தம். ஒண்டும் பிழையில்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது. இந்த மனிசன் எங்க இருந்து கேட்டவர் எண்டு.”

நான் திரைச்சீலைப் பக்கம் திரும்பினேன்.

“சொல்ல விருப்பமில்லாட்டி விடு,” என்றார் அக்கா. “களவெடுத்தவர் எண்டே இருக்கட்டும். எனக்கு எழுத்தாளர் பட்டம் கிடைக்கும். இந்த வயதில கெடுதியா?” முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்புப் போல் ஒன்று வந்தது. “ஆனா எனக்கு அது வேண்டாம். நான் எழுதியிருந்தா கடைசி வரியை அப்பிடி முடிச்சிருக்கமாட்டன்.”

கடைசி வரியை எல்லோரும் அறிவார்கள். ‘திராங்கு இனி இல்லை. ஆனாலும் கதவைத் தள்ள எனக்குப் பயம்.’

நான் கண்டதை எழுதுகிறேன். அக்கா பதுளைக்குப் போன பிறகு, வேலையால் வந்து, செபமாலை முடிந்ததும், அப்பா பின்னறைக்குள் போவார். கையில் எழுதும் தாள்கள். அம்மாவைக் கூப்பிட்டு வெளியிலிருந்து திராங்கைப் போடச் சொல்வார். முதல் நாள் அம்மா மறுத்தார். “உங்களுக்கென்ன விசரோ?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கட்டையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடிகளில் மெதுவாக இறக்கினார். உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“மெதுவாப் போடாத. அண்டைக்குப் போட்ட மாதிரிப் போடு.”

அம்மா எடுத்துத் திரும்பப் போட்டார். “இன்னொருக்கா,” என்றது குரல். இன்னொருக்கா போட்டார். அதன் பிறகு உள்ளே நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அம்மா கதவோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கூப்பிடும் வரை அவர் திராங்கை எடுக்கவில்லை. புத்தகம் முடியும் வரை அந்தக் கட்டை எங்கள் வீட்டில் அப்பாவுக்காக விழுந்தது. வெளியே வரும்போது அவருடைய சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். ஒருவரோடும் கதைக்காமல் போய்க் கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்ப்பார். எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் பேசியதில்லை. இன்று நான் பேசுகிறேன், இனிப் பேசமாட்டேன்.

‘உப்புக் கதவு’ நாவலை எழுதியவர் கொன்ஸ்ரன்ஸ் என்றும், மரியநாயகம் மகளின் எழுத்தைத் திருடித் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்றும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சொல்கிறார்கள். அது பொய். என் அக்கா அதில் ஒரு வரியும் எழுதவில்லை. அவரை அந்த அறைக்குள் அடைத்து வைத்தவர் எங்கள் அப்பா. அந்த நாவலை எழுதியவரும் எங்கள் அப்பாதான்.